நிறுத்த முடியாத சைக்கிள்

முதலில் வந்தது எறும்பு ஊர்வது போன்ற ஓர் உணர்வு. இரண்டு கால்களின் விரல்களிலும் ஒரே நேரத்தில் வந்தது. தலைமன்னார் இறங்குதுறைக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். சப்பாத்துக்குள் மணல் போயிருக்கும் என்று நினைத்து ஒன்றைக் கழற்றித் தட்டினேன். மணல் விழவில்லை.

அது சிறுநீரக நோயாளர்களுக்காக நிதி சேர்க்கும் சைக்கிள் ஓட்டம். தலைமன்னாரில் தொடங்கித் தீவின் நீளம் முழுவதும் ஓடி, மன்னார்ப் பட்டினத்தைக் கடந்து, பாலத்தால் பெருநிலத்துக்குப் போய், கட்டுக்கரைக் குளத்தடியில் முடிப்பது. போட்டி கிடையாது. பாடசாலைப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். இரண்டு கன்னியாஸ்திரிகள் வந்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் உடம்போடு ஒட்டிய பளபளக்கும் உடுப்புப் போட்டிருந்தார்கள். பேசாலை மீன் வியாபாரிகள் சிலர் பெட்டி கட்டும் பெரிய கரியரைக் கழற்றாமலே வந்து நின்றார்கள்.

நான் மன்னாரில் ஒரு பெண்கள் பாடசாலையில் விளையாட்டு ரீச்சர். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. என் மாணவிகள் ஒரு கூட்டமாக எனக்குப் பின்னால் நின்றார்கள்.

என்னுடையது ஒரு பழைய ரேசிங் சைக்கிள். இங்கிலாந்தில் செய்தது, என்னைவிட வயது கூடியது. கனடாவுக்குப் போன ஒருவரிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு சாமானாகத் தேடிப் பூட்டி, இரண்டு வருடமாகத் திருத்தி எடுத்திருந்தேன். ஹாண்டில் ஆட்டுக்கொம்பு போல வளைந்து கீழே இறங்கும். பெடலில் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ஓர் இரும்புக் கூடும், அதை இறுக்கும் தோல்வாரும் உண்டு. காலை எடுப்பதென்றால் குனிந்து விரலால் வாரைத் தளர்த்த வேண்டும். பழகியவர்களுக்கு அது ஒரு நொடி வேலை.

அன்று காலை வாரை இறுக்கும்போதே விரல்கள் ஒத்துழைக்கவில்லை. தோல் புதியது, இன்னும் பதப்படவில்லை என்று நினைத்தேன். முதுகின் கீழ்ப்பக்கம் இரண்டு நாளாக ஒரு நோ இருந்தது. சைக்கிளில் குனிந்து பழகியதால் வந்தது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். உடம்பு சொன்ன எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

பேசாலைக்குக் கிட்ட ஒரு கழுதை நிதானமாக ரோட்டைக் கடந்தது. எல்லோரும் பிரேக் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை. கைகளில் இருக்கிற முழுப் பலத்தையும் கொடுத்துப் பிடித்தும் கட்டைகள் சில்லைத் தொட்டுத் தொட்டு நழுவின. கழுதையின் வாலுக்கும் ஒரு சிறுமியின் சைக்கிளுக்கும் இடையால் தப்பிப் போனேன். பிரேக் பழசுதானே என்று மனதுக்குள் சொன்னேன். ஆனால் முதல்நாள்தான் அதைச் சோதித்துப் பார்த்திருந்தேன். அப்போது ஒரு விரலுக்கே நின்றது.

அந்த இடத்திலிருந்து எனக்குப் பயம் தொடங்கியது.

மன்னார்ப் பட்டினச் சந்தியில் என் கணவர் ஜூட்டும் மகள் ஷெரினும் ஒரு தோடம்பழப் பையோடு நின்றார்கள். ஷெரின் துள்ளித் துள்ளிக் கை காட்டினாள். நான் பதிலுக்குக் கையை எடுக்க நினைத்தேன். எடுத்தால் மற்றக் கையால் ஹாண்டிலைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்று தெரிந்தது. முகத்தைக்கூடத் திருப்பாமல் அவர்களைக் கடந்து போனேன். அம்மாவுக்குக் கூட்டத்தைக் கண்டதும் பெருமை வந்துவிட்டது என்று அவள் தகப்பனிடம் கோபப்பட்டாளாம்.

பாலத்தில் ஏறியபோது சோளகக் காற்று பக்கவாட்டில் அடித்தது. இரண்டு பக்கமும் கடல். முன்னும் பின்னும் சைக்கிள்கள் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. கால்கள் சுற்றிக்கொண்டிருந்தன, ஆனால் அவை என் கால்களாக இருக்கவில்லை. பெடல் அவற்றைச் சுற்றியதா, அவை பெடலைச் சுற்றினவா என்று எனக்குத் தெரியவில்லை.

ஓரமாக ஒதுங்கி இறங்குவோம் என்று வாரைத் தளர்த்தக் குனிந்தேன். பெருவிரலை அந்தச் சிறிய கொளுக்கியில் வைத்து அழுத்தினேன். விரல் மடிந்துவிட்டது. மறுபடியும் அழுத்தினேன். காலை உதறி இழுத்துப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே என் சொல் போகவில்லை.

அப்போதுதான் என் நிலை எனக்கு விளங்கியது. பிரேக் பிடிக்கக் கையில் பலம் இல்லை. காலை ஊன்ற முடியாது. நிற்கும் கணத்தில் விழுவேன். எனக்குப் பின்னால் வருவது என் பாடசாலைப் பிள்ளைகள். நான் விழுந்தால் அவர்களும் என்மேல் விழுவார்கள். ஓடுவதற்குப் பலம் குறைந்துகொண்டு வந்தது, நிற்பதற்கும் வழியில்லை.

எனக்குப் பக்கத்தில் நஸீர் சேர் வந்துகொண்டிருந்தார். எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர், எருக்கலம்பிட்டிக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் களைத்துப் போனேனா என்று கேட்டார்.

"இல்லை சேர். கால் கழலுதில்லை. பிரேக்கும் பிடிக்க ஏலாமக் கிடக்கு," என்றேன். பிறகு, "என்னை நிப்பாட்டுங்கோ," என்றேன்.

அவர் உடனே என் பக்கம் நெருங்கி வந்தார். இடது கையால் என் ஹாண்டிலின் நடுவைப் பிடித்தார். மற்றப் பக்கத்தில் வந்த ஒரு மீன் வியாபாரியிடம் ஏதோ சொன்னார். அந்த மனிதர் எட்டி என் சீற்றின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, விலகிப் போகும்படி பின்னால் வருகிறவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். இரண்டு சைக்கிள்களுக்கு நடுவில் நான் மெல்ல மெல்ல நின்றேன். பிள்ளைகள் எங்களைச் சுற்றிப் பிரிந்து போனார்கள். சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

நஸீர் சேர் முழங்காலை ஊன்றிக் குனிந்து வாரைக் கழற்றினார். என் பாதங்களைத் தன் கையால் எடுத்து நிலத்தில் வைத்தார். அவர் கையை விட்டதும் நான் மடிந்து தார்மேல் இருந்துவிட்டேன். நோகவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

"வெயில் குடிச்சிருக்கும். பயப்படாதீங்க ரீச்சர்," என்றார்.

முதலுதவிக்கு வந்தவர்களும் வெயில் என்றுதான் சொன்னார்கள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். அதை விழுங்கும்போது தொண்டையில் கொஞ்சம் தடக்கியது. எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்றார்கள். இருவர் தூக்கி நிறுத்தினார்கள், மறுபடியும் மடிந்தேன். பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் என்னைப் பார்த்தார். ஒரு சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும் என்று நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். என் கால் துள்ளவில்லை. மற்றக் காலில் தட்டினார், பிறகு கணுக்காலில், முழங்கையில். ஒன்றும் அசையவில்லை. அவர் சுத்தியலைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். டொக்டர்மார் கதிரையில் இருந்து கதைத்தால் விஷயம் பெரிது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

"கொஞ்ச நாளைக்கு முன்னம் வயித்தாலை போனதோ ரீச்சர்?"

போனது. வீட்டில் எல்லோருக்கும் வயிற்றோட்டம் வந்திருந்தது. இரண்டு நாளில் சுகமாகிவிட்டது, அதை நாங்கள் மறந்தும் போனோம்.

தனக்கு கில்லன் பாரே நோய் என்று சந்தேகம் என்றார். (தொற்றுக் கிருமியோடு சண்டை பிடிக்க எழும்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமி போன பிறகு தவறுதலாகத் தன் சொந்த நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராது.) பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும் என்றார். ஜூட் அப்போதுதான் ஓடி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கையில் இன்னும் தோடம்பழப் பை இருந்தது.

"எவ்வளவு தூரம் ஏறும்?" என்று கேட்டேன்.

"அது இப்ப சொல்ல ஏலாது. மூச்சுக்கு வந்தா இஞ்ச வைச்சிருக்கிறது சரியில்லை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறன். ஒரே மூச்சிலை ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணுங்கோ பாப்பம்."

எண்ணினேன். இருபதைத் தாண்டினேன். நல்லது என்றார். மூச்சுத் தசைகளில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை அப்படித்தான் பார்க்கிறார்களாம். வழியிலும் எண்ணிப் பார்க்கும்படி தாதியிடம் சொல்லி அனுப்பினார்.

யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸில் கொண்டு போனார்கள். படுத்திருந்த எனக்கு யன்னலின் மேற்பாதியில் வானமும் மரங்களின் தலைகளும் மட்டுமே தெரிந்தன. பாப்பாமோட்டை தாண்டுகிறோம் என்று ஜூட் சொன்னார். தாதி எண்ணச் சொன்னார். இருபதுக்கு முன்னமே மூச்சு முடிந்தது. வண்டி குலுங்கியதால்தான் என்று ஜூட் அவசரமாகச் சொன்னார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் முதுகெலும்பு நீர் எடுத்தார்கள். (இடுப்புக்கு மேலே எலும்புகளுக்கு நடுவில் ஊசி போட்டு, நரம்பைச் சூழ்ந்திருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது. கேட்கும்போது வருகிற பயத்தில் பாதி வலிகூட இல்லை.) நரம்பு கடத்தற் சோதனை செய்தார்கள். (சிறிய மின்னோட்டத்தைக் கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கொண்டு போகிறது என்று பார்ப்பது.) சந்தேகம் உறுதியானது. இம்யூனோகுளோபியூலின் ஏற்றத் தொடங்கினார்கள். (பலர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம். தவறிப்போன எதிர்ப்புச் சக்தியை அது அடக்கும்.) மருந்து வேலை செய்ய நாள் எடுக்கும் என்றும், அதற்குள் நோய் இன்னும் ஏறலாம் என்றும் நரம்பியல் நிபுணர் மறைக்காமல் சொன்னார்.

ஏறியது. தொடை, இடுப்பு, தோள் என்று போனது. ஒரு காலையில் ஷெரின் பாலைப் பருக்கியபோது அது கடைவாயால் வழிந்தது. அதை நான் உணரவில்லை. அவள் துடைத்ததைக் கண்டுதான் அறிந்தேன். அன்று மத்தியானம் எண்ணச் சொன்னபோது ஏழோடு நின்றுவிட்டேன். நிபுணர் என் நெற்றியில் கையை வைத்து, இனி மூச்சு விடுகிற வேலையை மெசினுக்குக் கொடுப்போம், நீங்கள் இளைப்பாறுங்கள் என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலத்தை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. இதே நோயோடு படுத்திருக்கிறவரின் பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்கு எல்லாம் கேட்கிறது. கண் மூடாது, முகம் அசையாது, வாயில் குழாய் இருக்கும், ஆனால் மூளை முழுதாக விழித்திருக்கும். என் கண்கள் உலராமலிருக்கத் தாதிமார் களிம்பு பூசி, இமைகளை ஒட்டி விடுவார்கள். இருட்டுக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இறந்ததைக் கேட்டேன். யாரோ என் கட்டிலடியில் நின்று, இந்தப் பிள்ளை தப்புமோ என்று கேட்டதையும் கேட்டேன்.

என்னுடைய பெரிய பயம் சாவு அல்ல. மெசினின் குழாய் கழன்றால் அதை ஒருவருக்கும் சொல்ல என்னால் முடியாது என்பதுதான். ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே வந்து வெளியே போன பிறகு ஒரு சிறு இடைவெளி வரும். அந்த இடைவெளியில் அடுத்தது வருமோ என்று காத்திருப்பேன். வரும். உடனே அதற்கடுத்ததற்குக் காத்திருக்கத் தொடங்குவேன்.

ஷெரின் ஒவ்வொரு நாளும் வந்தாள். பயப்படாதேங்கோ அம்மா, நல்லா வருவீங்கள் என்பாள். பங்குத்தந்தை வந்து செபித்தார், பயம் வேண்டாம் என்றார். பாடசாலை அதிபர் வந்தார், அவரும் அதையே சொன்னார். ஜூட் வரவில்லை. அப்பா மருந்து வாங்கப் போய்விட்டார், அப்பா பூசைக்குப் போய்விட்டார் என்று ஷெரின் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொன்னாள். பிறகு ஒரு பகலில் இரண்டு தாதிமார் படுக்கை மாற்றும்போது கதைத்தார்கள். வெளியே ஓர் ஐயா கதவுவரைக்கும் வருகிறாராம், திரும்பிப் போகிறாராம். இந்த அம்மாவின் அவராம்.

அன்று முழுவதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கோபம் வரவில்லை. மீன்வாடியில் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிற மனிதர், கடலில் காணாமல் போனவர்களைத் தேடிப் போயிருக்கிறவர். அவரே பார்க்கப் பயப்படுகிற அளவுக்கு நான் ஆகிவிட்டேனா என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் அவர் வந்தார். இமைகளில் ஒட்டியிருந்ததை எடுத்திருந்த நேரம். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடி வளர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காமல் மெசினையே பார்த்தார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு ரெஜி," என்றார். "கதவடிக்கு வாறன். இந்த மெசின்ர சத்தம் கேட்டவுடன கால் நகருதில்லை. திரும்பிப் போறன்."

ஓம் என்றால் கண்ணால் மேலே பார்க்க வேண்டும் என்று ஷெரினும் தாதியும் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவருக்கும் சொல்லியிருப்பார்கள் போலும்.

"உனக்கும் பயமாக் கிடக்கோ?"

நான் கண்ணை மேலே கொண்டுபோனேன்.

"அப்ப நான் இஞ்சையே இருக்கிறன்," என்றார்.

அதுவரை வந்தவர்கள் எல்லோரும் என் பயத்தை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் அதற்குப் பக்கத்தில் வந்து இருந்தார். அன்றைக்குப் பிறகு மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளி கொஞ்சம் சிறிதாகியது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதி இதுதான். தைரியம் இல்லாவிட்டால் தைரியம் இல்லாமலே போங்கள்.

ஏறியது போலவே நோய் இறங்கியது, ஆனால் மிகவும் ஆறுதலாக, மெல்ல மெல்ல. முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு உதடு அசைந்தது. வாய்க் குழாய்க்குப் பதிலாகப் பின்னர் தொண்டையில் துளையிட்டு வைத்திருந்த குழாயை எடுத்து, துளை மூடி, எனக்குச் சொந்தமாகக் குரல் வந்தபோது, நான் முதலில் சொன்னது தண்ணீர் என்ற சொல். ஷெரின் அழுதுகொண்டு அதைக் கரண்டியில் தந்தாள்.

இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் தசைகளை மீட்டுத் தருகிறவர்) ஒரு மெலிந்த மனிதர். என் தொழிலைக் கேட்டதும் சிரிக்கவில்லை, யோசித்தார். முதல் கிழமையிலேயே நான் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நின்று, போதும் என்று அவர் சொல்லியும் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று முயன்றேன். அடுத்த நாள் கையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தேன். நோய் திரும்பிவிட்டது என்று நடுங்கிப் போனேன்.

"நீங்கள் பிள்ளையளுக்குக் களைச்ச பிறகும் ஓடச் சொல்லிக் குடுத்திருப்பியள்," என்றார் அவர். "இந்த வருத்தத்துக்கு அது சரிவராது. களைக்க முதல் நிப்பாட்டுங்கோ."

இருபது வருடம் நான் படிப்பித்ததற்கு அது நேர் எதிர். கற்றுக்கொள்ள நெடுநாள் எடுத்தது.

வீட்டுக்குச் சக்கர நாற்காலியில் வந்தேன். பிறகு நடைச்சட்டம், பிறகு ஊன்றுகோல். அந்தச் சைக்கிள் ஓட்டத்தில் சேர்ந்த பணம் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று நஸீர் சேர் வந்து சொன்னார். சைக்கிளைத் துடைத்து, ரயருக்குக் காற்றடித்துத் தன் விறாந்தையில் வைத்திருப்பதாகவும் சொன்னார். கொண்டு வரட்டுமா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாடசாலைக்குத் திரும்பினேன். இப்போது ஒரு கதிரையில் இருந்தபடி படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை கால் விறைக்கிறது என்று சொன்னால் என் முகம் மாறிவிடும். இரண்டு கால்களிலுமா, கைகளிலுமா, அண்மையில் வயிற்றோட்டமா என்று விசாரிக்காமல் விடமாட்டேன். பிள்ளைகளுக்கு அது பகிடி. உங்களுக்கும் சொல்கிறேன்: விறைப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து, பலமும் குறைந்துகொண்டு வந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

காலையில் கண் விழித்ததும் எழும்புவதில்லை. முதலில் கால் விரல்களை அசைத்துப் பார்ப்பேன். அசைந்தால் கணுக்கால், பிறகு முழங்கால். கடைசியாக ஒரு நீண்ட மூச்சு. இன்றைக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்ற வேலை. நாளைக்கு என்பதைப் பற்றி முன்போலக் கதைக்க வாய் வருவதில்லை. இந்த நோய் அநேகமாகத் திரும்பி வராது என்று நிபுணர் சொல்லியிருக்கிறார். அநேகமாக என்ற சொல்லோடுதான் நான் வாழ்கிறேன்.

கடைசிவரை திரும்பாமல் இருந்தது உள்ளங்காலின் உணர்வு. நடக்கும்போது தடித்த காலுறை போட்டதுபோல இருக்கும். நிலம் சுடுகிறதா, குளிர்கிறதா என்று ஷெரினைக் கேட்டுத்தான் வெறுங்காலோடு இறங்குவேன். நரம்பு தன் பாட்டில் வளரும், அவசரப்படுத்த மருந்தில்லை, சிலருக்கு முழுதாக வராமலும் போகும் என்று சொல்லியிருந்தார்கள்.

சென்ற மாசி மாதம் ஒரு பின்னேரம், கொடியில் உடுப்பு எடுக்க முற்றத்தில் இறங்கினேன். வலது பாதத்தில் ஏதோ சுரீர் என்றது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். முதலில் வந்தது பயம்தான். திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தேன். உடுப்போடு நிலத்தில் இருந்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். நடு உள்ளங்காலில் ஒரு நெருஞ்சி முள். அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு சிவப்பு.

ஜூட் உள்ளேயிருந்து ஓடி வந்தார். விழுந்துவிட்டேன் என்று நினைத்தாராம். முள்ளைக் கண்டதும் குந்தி, பாதத்தைத் தன் மடியில் வைத்து, இரண்டு நகத்தால் அதைப் பிடிக்கப் போனார்.

எடுத்தால் வலியோடு சேர்த்து உணர்வும் போய்விடுமோ என்று எனக்கு ஒரு பயம் வந்தது. நியாயமில்லாத பயம். ஆனால் வந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். "நோகுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். பாதத்தை மடியில் வைத்தபடியே இருந்தார். நானும் இருந்தேன். அது நன்றாக நொந்துகொண்டிருந்தது.